நச்சு எடுக்கும் தொட்டி

ஐப்பசி 16, ஞாயிறு

எழுத வேண்டியவை:
1. தண்ணீரின் நிறம்.
2. எனக்குப் போர்த்திய பொன்னாடை.
3. பாடத்தை மறந்துவிட்ட மாணவன்.

பூசை முடிந்ததும் அக்காவை அரியலூர் மண்டபத்தில் நடந்த இயற்கை மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போனேன். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் காலை வைக்கச் சொன்னார்கள். மெஷினைப் போட்டதும் தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது. சர்க்கரை நோயின் நச்சு காலின் வழியாக இறங்குகிறதாம். தொட்டிக்குள் இருந்த இரும்புக் கம்பி துருப்பிடிக்கிறது, அவ்வளவுதான். வேதியியல் ஆசிரியனாக இருந்தவனுக்கு இது தெரியாதா?

நான் வாயைத் திறப்பதற்குள், முகாம் நடத்தும் டேவிட், என் பழைய மாணவன், என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினான். "எனக்கு சயின்ஸ் சொல்லிக் குடுத்த சாரே வந்துருக்காருங்க!" எல்லோரும் கைதட்டினார்கள். நானும் கும்பிட்டேன். உடனே தொட்டிக்கு வரிசை நீண்டது.

சாப்பிட்ட பிறகு அக்கா சர்க்கரை மாத்திரையைத் தொடவில்லை. அது வெறும் துரு என்றேன்.

"அப்ப மேடையில நின்னு பல்லக் காட்டுனது யாருடா? போ தம்பி, எனக்கு எல்லாம் எறங்கிருச்சு."

டேவிட்டுக்குப் போன் செய்தேன். பாடத்தை நினைவுபடுத்தினால், அக்காவிடம் அவனே உண்மையைச் சொல்லிவிடுவான் என்று நம்பினேன். அவன் சிரித்தான்.

"நீங்க லேப்ல செஞ்சு காட்டுனதுதானே சார்? உப்புத் தண்ணி, கரண்டு, கம்பி. எப்புடி சார் மறப்பேன்?"

மாத்திரை மேசையில் அப்படியே இருக்கிறது. மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.