ரோஸ் ஒட்டுப் போட்ட வேட்டைக் கத்தி

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று மேல்தாடை செட்டு, ஒரு கடைவாய்ப்பல். டாக்டர் முன்னறையில் வாய்களைப் பார்ப்பார். நான் பின்னறையில் உட்கார்ந்து அவர் அனுப்பும் அச்சுகளுக்குப் பல் கட்டுவேன். பிளாஸ்டர் சீவும் கத்தி மழுங்கிவிட்டது. அண்ணன் என்னிடம் கொடுத்து வைத்திருக்கும் மடக்குக் கத்தியை வீட்டிலிருந்து எடுத்துப் போனேன். என்னமாய் வெட்டுகிறது! அண்ணனுக்குத் தெரிந்தால் என்னை வெட்டுவான்.

மார்ச் 7, வெள்ளி

கத்தியைக் காணோம்.

மார்ச் 8, சனி

தோல் உறை மட்டும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கத்தியைச் செய்தித்தாள் மேல் வைத்தது ஞாபகம் வருகிறது. அந்தத் தாளைப் பிளாஸ்டர் தூளோடு சுருட்டிக் குப்பையில் போட்டதும் ஞாபகம் வருகிறது. குப்பைக் கிடங்குக்கே போய்விட்டேன். வண்டிக்காரர் பாவமாய்ப் பார்த்தார். “நேத்தே கொட்டி, மேல மண்ணும் தள்ளியாச்சும்மா” என்றார்.

அண்ணன் கப்பலில் சமையல்காரன். முதல் பயணத்தில் எஞ்சின் அறைக்காரரோடு கைமல்லுக்கட்டி ஜெயித்து வாங்கிய கத்தி அது. வேட்டைக் கத்தி என்று பீற்றிக்கொள்வான். அதை வைத்து அவன் வேட்டையாடியதெல்லாம் ஆப்பிளும் தர்பூசணியும்தான். உப்புக்காற்றில் துரு பிடிக்கிறது என்று போன தடவை என் கையில் கொடுத்தான். “மறதி மகாராணி, இதையாவது தொலைக்காம வை.” சின்ன வயதிலிருந்து அவனுடைய குடை, கைக்கடிகாரம், பரீட்சை நுழைவுச்சீட்டு எல்லாம் என் கணக்கில்தான் போயிருக்கின்றன.

மார்ச் 9, ஞாயிறு

அவனே கூப்பிட்டான். ஏப்ரல் 19 வருகிறானாம்.

“கத்தி பத்திரமா இருக்கா?”

“இருக்குண்ணா.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் முந்திக்கொண்டது. தொலைத்ததற்குத் திட்டு வாங்கிக்கொள்ளலாம், பழகிப்போன விஷயம். பொய் சொன்னதற்கு?

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், எல்லாவற்றுக்கும் விசில் ஊதித் தீர்ப்பு சொல்லியே பழக்கம். “இப்பவே திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடு” என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 10, திங்கள்

சொல்லவில்லை. அதே மாதிரி ஒன்று செய்துவிட்டால் என்ன? நான் ஊராருக்கெல்லாம் போன பல்லை அப்படியே திருப்பிச் செய்து தருகிறவள்தானே!

மார்ச் 12, புதன்

கத்தரி, சவரக்கத்தி தீட்டும் கடைக்குப் போனேன். நடத்துகிறவளுக்கு என் வயதுதான் இருக்கும். தெருவே ‘சாணைக்கார அக்கா’ என்று கூப்பிடுகிறது. பழைய கத்தி என்றால் அவளுக்கு உயிராம். கத்தி எப்படி இருக்கும் என்றாள். நல்லா இருக்கும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“திறக்கறப்ப சத்தம் எத்தனை?”

“சத்தமா?”

“ஒரு டக்கா, ரெண்டு டக்கா?”

கண்ணை மூடி யோசித்தேன். அண்ணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திறப்பது காதில் கேட்டது. பாதியில் ஒன்று, முழுசாய்த் திறந்ததும் ஒன்று.

“ரெண்டு.”

“அப்படிச் சொல்லுங்க. பாதியில ஒரு தடவை நின்னு போற ஜாதி. அளவு?”

அளவுக்கு எங்கே போவேன்?

மார்ச் 15, சனி

அளவு என் இழுப்பறையிலேயே இருந்திருக்கிறது! பல வருஷம் ஒரே கத்தியைச் சுமந்த தோல் உறை, உள்ளே கத்தியின் வடிவத்திலேயே இறுகிப்போயிருக்கிறது. அதுவும் ஒரு வாய் தானே? உள்ளே வாசலின் தடவி, பல் அச்செடுக்கும் மாவைக் குழைத்து ஊற்றினேன். இறுகியதும் மெல்ல உருவினேன். ரப்பர் கத்தி ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. ஐந்தேகால் அங்குலம், இரண்டு முனையிலும் உலோகப் பூணின் மேடு, நடுவில் இடுப்பு ஒடுங்கி, அடியில் அகலம். எழுந்து ஒரு சுற்று ஆடினேன். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

காய்ந்தால் அச்சு சுருங்கிவிடும். ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். சாணைக்கார அக்கா ஒரு பெட்டி நிறைய உடைந்த கத்திகளைக் கொட்டி ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தாள். ஏழாவது கச்சிதமாய்ப் பொருந்தியது: அலகு பாதியில் முறிந்து, பிடியின் எலும்பு உதிர்ந்து, அலகை இறுக்கிப் பிடிக்கும் முதுகு வில் மட்டும் திடமாய் இருந்த ஒன்று.

“புட்டி மாதிரி இடுப்பு ஒடுங்கின பிடி. பழைய மடக்கு வேட்டைக் கத்திதான், சந்தேகமே இல்ல. மான் உரிக்கறதுக்குன்னு செஞ்சது. உங்கண்ணன் என்ன உரிச்சாரு?”

“ஆப்பிள்.”

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. அந்தக் கூட்டிலேயே புது அலகு போட்டுத் தருகிறாளாம். பிடி என் பொறுப்பு.

மார்ச் 22, சனி

அலகுக்கு மெழுகில் மாதிரி செய்தேன். அண்ணன் கப்பல் தளத்தில் தர்பூசணி வெட்டும் படத்தைப் பெரிதாக்கி எதிரே ஒட்டி வைத்துக்கொண்டேன். முனையருகே முதுகு சரிந்து இறங்குவது, நகம் மாட்டித் திறக்கும் பிறைக்குழி, ஒன்றையும் விடவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடித்தேன். என் கைக்கு நானே முத்தம் கொடுத்துக்கொண்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

சாணைக்கார அக்கா போன் செய்தாள். “நகக்குழி இந்தப் பக்கமா வரும்? நான் பார்த்ததெல்லாம் மறுபக்கம்தான்.”

“மெழுகுல எப்படி இருக்கோ அப்படியே செய்யுங்க. என் மெழுகு தப்பாது” என்றேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம், சும்மாவா?

ஏப்ரல் 6, ஞாயிறு

பிடிக்கு மாட்டெலும்பு. பல் தேய்க்கும் சின்னச் சக்கரத்தால் கோடு கோடாய்ச் செதுக்கி, கட்டித் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். வீடு முழுக்க ஒரு வாடை. இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிட்டார்.

அடியில் ரோஸ் ஒட்டு மட்டும் பத்தே நிமிஷம். ஒரு தடவை அண்ணன் கீழே போட்டு எலும்பு பெயர்ந்தபோது, பல் செட்டின் ஈறு செய்யும் பசையால் நான்தான் அடைத்துக் கொடுத்தேன். கத்திக்கு ஈறு முளைத்துவிட்டது என்று கப்பல் முழுக்கக் காட்டினானாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

சாணைக்கார அக்கா அலகு பொருத்தினாள். ஒரே டக். இரண்டு பேர் முகமும் தொங்கிப்போயிற்று. கழற்றி, அலகின் அடிக்கட்டையை அரத்தால் ஒரு மயிரிழை ராவி மறுபடி பொருத்தினாள். நாலாவது தடவை டக்… டக். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சாணைக்கார அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

மெருகேற்றி, படத்துக்குப் பக்கத்தில் வைத்து அழகு பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நகக்குழி மறுபக்கம் இருக்கிறது! பல் வேலையில் எதிரே இருப்பவரின் இடது எனக்கு வலது; படத்தைப் பார்த்துச் செய்யும்போது கை தானாகவே மாற்றிக்கொள்ளும். கத்தியையும் ஒரு முகமாய் நினைத்து மாற்றிவிட்டேன். அவள் கேட்டாளே! கேட்டவளிடம் அனுபவம் பேசினேனே, எனக்கு வேண்டும். அலகு காய்ச்சி இறுகியாயிற்று, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது. அவன் நாளைக்கு வருகிறான்.

“உண்மையைச் சொல்லிடு” என்கிறார் இவர், ஆறு வாரமாய்ச் சொல்லும் அதே பாட்டை.

கண்டுபிடிக்க மாட்டான். எல்லாம் அப்படியே இருக்கிறதே. மாட்டான்தானே?

ஏப்ரல் 19, சனி

வந்தான். இளைத்திருக்கிறான், தொப்பை மட்டும் அப்படியே. உட்கார்ந்த உடனே கையை நீட்டினான். உறையோடு கொடுத்தேன். ஆப்பிள் தட்டையும் முன்னால் தள்ளினேன், வேறென்ன செய்ய?

உருவினான், எடை பார்த்தான், ரோஸ் ஒட்டைத் தடவிச் சிரித்தான். எனக்கு உயிர் வந்தது. பிறகு பழக்கப்படி அலகைக் கடித்துத் திறக்க வாய்க்குக் கொண்டுபோனான். அண்ணன் இடதுகைக்காரன், நகக்குழி எப்போதும் அவன் கட்டைவிரலுக்கு எட்டாத பக்கத்தில் இருந்ததால் பல்லால்தான் திறப்பான். அப்படித் திறந்து முன்பல் உடைந்து, அதற்கு உறை செய்து போட்டவளே நான்தான்.

கத்தி பாதி வழியில் நின்றது. இடது கட்டைவிரல் குழியில் போய் உட்கார்ந்திருந்தது. இழுத்தான். டக்… டக்.

மூடினான். மறுபடி திறந்தான்.

“இது என் கத்தி இல்ல.”

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: செய்தித்தாள், கிடங்கு, போனில் சொன்ன பொய், ரப்பர் அச்சு, எலும்பு, மெழுகு. அழுதுகொண்டே சொன்னேன். அவன் கத்தியை மூடி மேசையில் வைத்தான்.

“தொலைச்சது கூடப் பரவால்ல. நீ எதைத் தொலைக்கல? ஆனா என்கிட்ட ‘இருக்கு’ன்னு சொன்ன பாரு… அதான் கஷ்டமா இருக்கு.”

“தப்புதாண்ணா. பயந்துட்டேன்.”

“ரோஸ் ஒட்டைக் கூடவா விடல?”

“விட்டா நீ கண்டுபிடிச்சிடுவியே.”

அவ்வளவுதான், அவனால் அடக்க முடியவில்லை. சிரித்த சிரிப்பில் நான் செய்த முன்பல் முழுசாய்த் தெரிந்தது. இடது கையாலேயே திறந்து, ஆப்பிளை நாலாய் வெட்டி, முதல் துண்டை எனக்குக் கொடுத்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையிலிருந்து டக் டக் சத்தம் தாங்கவில்லை. இத்தனை வருஷமாய் ஒரு பொருள் அவன் கைக்குத் தோதாய் இருந்ததே இல்லையாம். இவர் விசிலைத் தேடுகிறார்.

ஏப்ரல் 26, சனி

சாணைக்கார அக்காவிடம் அவனைக் கூட்டிப் போனேன். “மானுக்குச் செஞ்சதுல ஆப்பிள் வெட்டினது நீங்கதானா?” என்றாள். நகக்குழி பற்றிச் சொன்னேன். என் மெழுகு தப்பாது என்று என்னைப் போலவே பேசிக் காட்டினாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மே 10, சனி

அண்ணன் கிளம்பிவிட்டான். கத்தியை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்தான். துரு பிடித்தால் பிடிக்கட்டும், இனி இது என்னோடுதான் இருக்கும் என்றான். சுருக்கென்றது. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, பெட்டியை மூட உதவினேன்.

வண்டியில் ஏறிய பிறகு திரும்ப இறங்கி வந்தான். அவன் வீட்டுச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினான். இத்தனை நாள் அதைப் பக்கத்து வீட்டில்தான் கொடுத்துவிட்டுப் போவான்.

“நீயே வச்சுக்கோ. தொலைச்சா போன்ல சொல்லு. கதவோட சேர்த்துப் புதுசா செஞ்சிடலாம்.”