அடி அண்ணாமலையில் நீ மறந்த வரி

இன்று காலை வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் நாடகத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுக்கப் போயிருந்தேன். படிவத்தில் 'தயாரிப்பாளர் பெயர்' என்று ஒரு கட்டம். பேனாவை வைத்ததும் கை தானாக உன் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டது. எதிரில் இருந்த அம்மா, "அடிச்சு எழுதுனா செல்லாதுங்க, வேற ஒண்ணு வாங்கிக்கங்க" என்றார். வேறொன்று வாங்கி, வெளியே நின்றிருந்த யாருடைய ஸ்கூட்டர் சீட்டிலோ வைத்து என் பெயரை எழுதினேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்தேன். எழுதினால் அந்த ஒன்றை எழுதாமல் விட முடியாது. அதனாலேயே தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாம் இருவரும் பத்தொன்பது வயதில் ஒரே மாதம் நாடகக் கம்பெனியில் சேர்ந்தோம். நீ போளூர், நான் இந்த ஊர். முதல் நாள் முதலாளி நம் இருவரிடமும் ஒரே பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான் தப்பில்லாமல் படித்தேன். நீ இரண்டு இடத்தில் தடுமாறினாய். ஆனாலும் நீ படித்து முடித்தபோது தபேலாக்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு உனக்குக் கதாநாயகி, எனக்குத் தோழி. இருபத்தெட்டு வருடம் அது மாறவே இல்லை. நீ மூத்த மருமகளானபோது நான் இளையவள். நீ அம்மாவானபோது நான் சித்தி.

கலசபாக்கத்தில் ஒருமுறை பாதி வசனத்தில் ஒலிபெருக்கி செத்துப்போனது. நீ மேடையின் விளிம்புக்கு வந்து அதே வசனத்தை முதலிலிருந்து சொந்தத் தொண்டையில் சொன்னாய். கடைசி வரிசைக்குப் பின்னால் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால் வெறுங்காலோடு மேடையை ஒரு சுற்று நடந்து பார்ப்பாய். "தரை நம்மள முதல்ல பாத்துக்கட்டும்" என்பாய். நானும் உன் பின்னாலேயே நடப்பேன்.

எனக்குப் பொறாமை இல்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இருந்தது.

சேத்துப்பட்டுத் திருவிழாவில்தான் முதல்முறை அது நடந்தது. நீ மாமியார், நான் மருமகள். கையில் செம்போடு நின்றவள் அப்படியே நின்றுவிட்டாய். உன் கண்ணில் வசனம் இல்லை. "அத்தை, அவர் இனிமே வர மாட்டாருன்னுதானே சொல்ல வந்தீங்க?" என்று நான் உன் வரியை என் வரியாக்கி எடுத்துக் கொடுத்தேன். சனங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரைக்குப் பின்னால் வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாய். "யார்கிட்டயும் சொல்லாதடி." உன் நகம் பதிந்த இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது.

அடுத்த மாதம் இன்னொரு முறை. அதற்கடுத்து ஒருமுறை வேறு நாடகத்தின் வசனத்தைச் சொன்னாய். ஒவ்வொரு முறையும் நான் எடுத்துக் கொடுத்தேன். என் வசனத்தோடு உன் வசனத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் நான் முதலாளியைப் பார்க்கப் போனேன். அவர் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். "அவளுக்கு வசனம் நிக்க மாட்டேங்குது, மூணு தரம் நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றேன். கம்பெனியின் மானம் போய்விடக் கூடாது என்றுதான் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி நடந்து வந்தபோது, உன் வேஷத்துக்கு எந்தப் புடவை கட்டலாம் என்று மனசு யோசித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரமே அவர் உன்னைக் கூப்பிட்டு, "வயசாயிடுச்சும்மா, கூட்டத்தோட நிக்கிற மாதிரி ஏதாவது தரேன்" என்றார். பஸ் நிலையத்தில் நாம் இருவரும் நின்றிருந்தபோது, ஒன்றும் தெரியாதவள் போல நானும் சொன்னேன்: "நீ நிறுத்திக்கோ. எனக்குப் பயமா இருக்கு." நீ என்னையே பார்த்தாய். "இதுக்குத்தான் காத்துட்டு இருந்தியா?" என்றாய். என் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

எட்டு மாதம் நாம் பேசவில்லை. உன் வேஷங்களை எல்லாம் நான் போட்டேன். அடுத்தவள் அளவுக்குத் தைத்த ரவிக்கை மாதிரி எதுவுமே எனக்குப் பொருந்தவில்லை.

ஒருநாள் செங்கம் ரோட்டில் நான் பகலில் சமையல் வேலை பார்க்கும் விடுதிக்கே வந்துவிட்டாய். வெள்ளைக்காரர்களுக்குக் கிச்சடி கிளறிக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் நின்றபடியே சொன்னாய்:

"சொந்தமா கம்பெனி வைக்கப் போறேன். நடிக்கலை, நடத்தப் போறேன். நீ வரணும்."

"நானா?"

"முகத்துக்கு நேரா சொன்னவ நீ ஒருத்திதான். மத்தவன் முதுகுக்குப் பின்னால போய்ச் சொன்னான்."

மத்தவன் என்று நீ சொன்னது நம் ஒப்பனைக்காரரை. உன் முகத்துக்கு இருபது வருடம் அரிதாரம் பூசியவர். நீ மேடையில் தடுமாறியதை ஓரத்தில் நின்று பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று நீயே கணக்குப் போட்டுவிட்டாய். "அவர் மட்டும் என் கம்பெனியில கால் வெக்கக் கூடாது" என்றாய். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உனக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

நீ நாடகம் நடத்திய விதத்தை ஊர் சிரித்துக்கொண்டே பார்த்தது. பந்தல்காரர், "வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்கம்மா" என்றார். "அவர் செத்துப் பதினொரு வருஷமாச்சு. கூப்பிடுங்க, வந்தா நானும் பாத்துக்கறேன்" என்றாய். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் கதை எழுதி வாங்கினாய். ஓர் அக்கா, ஒரு தங்கை. தாயின் வீட்டைத் தங்கையைக் கேட்காமலேயே அக்கா விற்றுவிட்டாள். பல வருடம் கழித்து இருவரும் ஒரே அறையில் சந்திக்கிறார்கள். தங்கை நான். அக்கா வேஷத்துக்கு வந்தவாசியிலிருந்து நடிக்கிற ஓர் அம்மாவைப் பிடித்தாய். முதல் நாடகத்தைப் பௌர்ணமி அன்று, அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய மண்டபத் திடலில் வைத்தாய். அன்றைக்குப் போய் வைப்பார்களா என்று எல்லோரும் தடுத்தார்கள்.

"கூட்டத்தைத் தேடி நாம ஏன் அலையணும்? அதுவே மலையைச் சுத்தி வருது. கால் வலிக்கும், உக்காருவாங்க. உக்காந்தவங்க எழுந்துக்காம பாத்துக்கறதுதான் நம்ம வேலை."

அன்று ஐந்து மணிக்கு நாடகம். நாலே காலுக்கு வந்தவாசி அம்மா போன் செய்தார். ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், ஆட்டோவும் விடவில்லை, கூட்டத்தில் ஓரடி நகர முடியவில்லை. "நடந்தே வரேன்க்கா, ஆனா ஏழு மணியாவது ஆயிடும்." ஏழு மணிக்கு மைக்கை நிறுத்திவிட வேண்டும் என்று காவலர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். திடலில் அதற்குள் இருநூறு பேர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

வாத்தியார் உன் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒத்திகை முழுக்க ஒவ்வொருவர் வசனத்தையும் நீதான் சொல்லிக் கொடுத்தாய். அந்த வேஷத்தை வேறு யாராலும் போட முடியாது. வந்தவாசி அம்மாவுக்கு எடுத்து வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டாய். முந்தானை ஊசியை என்னிடம் நீட்டினாய். நான் குத்திவிட்டேன்.

"மறந்துட்டேன்னா நீ எடுத்துக் குடுக்காத" என்றாய்.

"பின்ன என்ன பண்றது?"

"காத்திரு. வரலைன்னா நானே இறங்கிப் போயிடறேன்."

முதல் அரைமணி நேரம் நீ பழைய நீயாகவே இருந்தாய். பாதையில் போனவர்கள் நின்றார்கள், நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். இரண்டாவது காட்சியில் அந்த இடம் வந்தது. "ஏன்க்கா இப்படிப் பண்ண?" என்று நான் கேட்க வேண்டும். வீட்டை விற்றது தான்தான் என்று நீ சொல்ல வேண்டும். நாடகமே அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

கேட்டேன். நீ வாயைத் திறந்தாய். ஒன்றும் வரவில்லை.

பாதையில் போகிறவர்களின் காலடிச் சத்தமும் தூரத்தில் சுண்டல் விற்கும் குரலும் மட்டும் கேட்டன. வரி என் நாக்கு நுனியில் இருந்தது. முன்வரிசையில் ஒருவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஓரத்தில் வாத்தியார் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டிருந்தார். நீ அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்தாய். பிறகு நடந்து வந்து, தரையில் என் அருகில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்தாய்.

"உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்" என்றாய். "பஸ் ஸ்டாண்ட்ல அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

இந்த வசனம் நாடகத்தில் இல்லை. பஸ் நிலையத்து நாளிலிருந்தே உள்ளே கிடந்தது, வேறு வார்த்தை இல்லாத நேரத்தில் வெளியே வந்துவிட்டது. இப்போது நான் பேச வேண்டும். ஆமாம் என்றோ பரவாயில்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லி நாடகத்துக்குத் திரும்பியிருக்கலாம். உன் கை சில்லென்று இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"நீ நினைச்சது சரிதான்க்கா" என்றேன். "போய்ச் சொன்னது நான்தான். வேற யாரும் இல்ல. எனக்கு உன் இடம் வேண்டியிருந்துச்சு."

மைக் அதை அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டது. உன் பிடி ஒருகணம் தளர்ந்தது. நீ எழுந்து போய்விடுவாய் என்று நினைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. நீ எழுந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே, ரொம்பத் தாழ்ந்த குரலில், உன் வரியைச் சொன்னாய்.

"வீட்டை வித்தது நான்தான். உன்னைக் கேட்டா தர மாட்டேன்னு தெரியும். அதான் கேக்கல."

வந்துவிட்டது. எழுந்து நின்றவர் பாட்டிலோடு மறுபடியும் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நீ ஒரு சொல்லும் தவறவில்லை. ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திரை விழுந்தது. ஓர் அம்மா மேடையருகே வந்து, "நீங்க நிஜமாவே அக்கா தங்கச்சியா?" என்று கேட்டார். நீ "ஆமாங்க" என்றாய்.

திரைக்குப் பின்னால் நீ முகத்தைத் துடைத்து முடிக்கும் வரை நான் நின்றேன். வந்தவாசி அம்மா அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாய். என் பக்கம் திரும்பாமல் சொன்னாய்:

"நாளைக்குக் காலையில ஒப்பனைக்காரர் வீட்டுக்குப் போ. கம்பெனிக்கு வரச் சொல்லு. நான் ஏன் இத்தனை நாள் கூப்பிடலைன்னும் சொல்லு. நீயே சொல்லு."

போனேன். அவர் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாடகத்துக்கும் என் முகத்தைத் தொட்டுப் பூசுவார். பேச மாட்டார். கண்ணை மூடு என்பதைக்கூட விரலால்தான் காட்டுவார்.

நீ அதற்குப் பிறகு மேடையேறவில்லை. ஒன்பது வருடத்தில் ஆறு நாடகம் நடத்தினாய். நடிக்கிறவர்கள் முதல் நாளே ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டாய். மறதி உன்னோடு கூடவே இருந்தது. பையில் ஒரு சின்ன நோட்டு வைத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாய். முதலாளியின் கம்பெனியிலிருந்து வந்த பெண்களைக் கதாநாயகி வேஷத்துக்கே எடுத்தாய். அந்தப் பேச்சை மட்டும் நாம் எடுக்கவே இல்லை. போன வருடம் ஒருநாள் துணிந்து நானே கேட்டேன், என்னை ஏன் அனுப்பிவிடவில்லை என்று. நீ நோட்டிலிருந்து நிமிரவில்லை. "எனக்கு ஆள் வேணும்டி" என்றாய். அது மன்னிப்பா, வேலைக்காகச் சொன்னதா என்று நானும் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

தை மாதம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கம்பெனி ஆட்கள் எல்லாம் உன் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். கலைந்துவிடுவோம் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஒப்பனைக்காரர் எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"அடுத்தது எப்ப?" என்றார்.

ஒன்பது வருடம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "ஆடியில" என்றேன். அப்படித்தான் இந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

முந்தாநாள் ஒத்திகையில் நம் புதிய பெண் ஒருத்தி சரியாகச் செய்யவில்லை. அந்த வேஷம் அவளுக்கு ஒத்துவராது, மாற்றத்தான் வேண்டும். வாத்தியாரிடம் சொல்லி அவர் மூலம் சொல்லச் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அதைத் தள்ளினேன். அவள் வீட்டுக்கு நானே போனேன். நேராகச் சொன்னேன். "உங்களுக்கு என்னைப் புடிக்கல" என்று அழுதாள், கத்தினாள். அவள் அம்மா உள்ளறைக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டார். அன்றைக்குப் பஸ் ஏறியது மாதிரி எழுந்து வந்துவிடாமல், அவள் அழுது முடிக்கும் வரை நான் அவர்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.