இறங்காத சவாரி

மச்சான்,

மருமகள் கொள்ளு வேக வைக்கிறாள். உடம்பு இளைக்கணுமாம். குக்கரைத் திறந்ததும் அந்த வாசனை கூடம் வரைக்கும் வந்து மூக்கில் ஏறியது. எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. "இன்னா மாமி, மூஞ்ச ஏன் இப்டி வச்சிகினு கீறீங்க? கொள்ளு புடிக்காதா?" என்கிறாள். என்ன சொல்வேன்? எனக்கு நாலு காலில் ஒரு சக்களத்தி இருந்தாள், அவளுக்கு இந்தக் கையால்தான் தினமும் கொள்ளு வேக வைத்துக் கொட்டினேன் என்றால் சிரிக்க மாட்டாளா? அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். உயிரோடு இருந்தபோது காது கொடுக்காதவர், இப்போதாவது கேளுங்கள்.

மைனா! பேரைப் பாருங்கள், பேரை. என் அத்தா எனக்கு வைத்த பேர் நூர்ஜஹான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைச் சொல்லி நீங்கள் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. "இன்னாமே", "தோ பாருமே", அவ்வளவுதான். செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டி இழுத்த அந்தப் பழுப்புக் குதிரைக்கு மட்டும் "கண்ணு", "தாயி", "என் ராசாத்தி". மழை வந்தால் முதலில் லாயத்துக் கூரைக்குத்தான் கீற்று மாற்றுவீர்கள். அடுப்பங்கரையில் நான் பாத்திரம் வைத்து ஒழுகும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருப்பேன். என் வெல்ல டப்பாவில் கை விட்டு ஒரு துண்டை எடுத்து, உள்ளங்கையை விரித்து நீட்டுவீர்கள். அவள் உதட்டால் தடவி எடுத்துக்கொள்வாள். பிறகு நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் நீளமாக ஒரு தடவல். அந்தத் தடவலை நான் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்தபடி நிற்பேன். எரியாதா மச்சான்? நான் என்ன கல்லா?

சும்மா சொல்லக்கூடாது, அவள் லேசுப்பட்டவள் இல்லை. காணும் பொங்கலன்று ஊரே மாமல்லபுரம் கடற்கரைக்குக் கிளம்பும். செங்கல்பட்டு, கருங்குழி, அச்சரப்பாக்கம் என்று எல்லா ஊர் ஜட்காக்களும் சனங்களை ஏற்றிக்கொண்டு அங்கே வந்து சேரும். வெயில் தாழ்ந்ததும் வண்டிக்காரர்கள் நீங்கள் எல்லாரும் குதிரைகளை அவிழ்த்து, ஈர மணலில் சவுக்கு மர மிளாறுகளை வேலி மாதிரி கட்டி நிறுத்தி, அவற்றைத் தாண்ட விட்டு ஓட்டுவீர்கள். வண்டியில் ஆளை ஏற்றிக்கொண்டு வராத குதிரை அங்கே தாண்டக் கூடாது. பந்தயத்துக்கென்றே கொழுக்க வைத்த குதிரையை யாரும் கொண்டுவரக் கூடாது என்பதற்காக வைத்த கட்டுப்பாடு அது. ஏற்றி வந்த சவாரி இறங்காமல் குதிரையை அவிழ்க்கவும் கூடாது. அந்த மணலில் அடுத்தடுத்து இரண்டு வருஷம் மைனாவை எந்தக் குதிரையும் நெருங்கவில்லை. மாலையும் கழுத்துமாக அவளைக் கூட்டிக்கொண்டு நீங்கள் தெருவுக்குள் நுழைந்ததைப் பார்த்தவர்கள், புதுப்பெண்ணை அழைத்து வருவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

மூன்றாவது வருஷம் மார்கழி முழுக்க நம் வீட்டு வாசலில் ஒரே வாக்குவாதம். உங்கள் சிநேகிதர் கோவிந்தசாமி, எல்லாக் குதிரைக்கும் லாடம் அடிப்பவர், சாயங்காலமானால் வந்து உட்கார்ந்துவிடுவார். மெட்ராஸ் ரேஸ் குதிரைகளுக்கு லாடம் அடித்த கை என்று அவருக்கு ஒரு கெத்து. அந்த வருஷம் கருங்குழிக் குதிரைதான் ஜெயிக்கும் என்பது அவர் கட்சி.

"பாய், உன் மைனா ஃபார்ம் போச்சு. தாண்டறதுக்கு முன்னாடி ஒரு எட்டு கொறைக்குது. முந்தி அப்டியா வரும்? வந்த வேகத்துல பறக்கும்."

"அது கொறைக்கல அண்ணாத்த, அளவு பாக்குது. புத்தி கீற குதிர அப்டிதான். உன் கருங்குழிக் குதிரைக்கு மூச்சு கீது, மூள கீதா? மிளாற மோதிகினு போவுது."

"மோதினாலும் நிக்காம போவுதே! சின்ன வயசுப்பா. உன்னுது பல்லு தேஞ்சி போச்சு."

"பல்லாலயா தாண்டப் போவுது?"

இப்படியே போகும். நான் டீ கொண்டுவந்து வைப்பேன். உங்கள் இரண்டு பேருக்கும் கிளாஸ் தெரியும், கை தெரியாது.

ஒரு நாள் நானும் வாயைத் திறந்தேன். "அதோட முன்னங்கால்ல, எடது பக்கம், என்னமோ கீது. காலைல நிக்கும்போது அந்தக் கால மட்டும் முன்னால நீட்டி வச்சிகினு நிக்குது. கொள்ளு மிச்சம் வைக்குது." நீங்கள் கோவிந்தசாமியைப் பார்த்தீர்கள், அவர் உங்களைப் பார்த்தார், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "பொறாம பேசுது அண்ணாத்த! இவளுக்கு அதக் கண்டாலே ஆவாது." கோவிந்தசாமி கொஞ்சம் பெரிய மனசு பண்ணி, "தங்கச்சி, நான் நேத்துதான் குளம்பு பாத்தேன், ஒண்ணும் இல்ல" என்றார்.

பொறாமைதான். யார் இல்லை என்றது? பொறாமைப்பட்டதால்தான் அவளை ராவும் பகலுமாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கொஞ்சப் போவீர்கள். நான் குற்றம் கண்டுபிடிக்கப் போவேன். அவள் எப்போது எந்தக் காலை ஊன்றுகிறாள் என்பது உங்களைவிட எனக்குத் தெரியும்.

அந்தப் பொங்கலுக்கு நீங்கள் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. "இன்னாமே, இந்த வாட்டி நீயும் கடல் பாக்க வா" என்றீர்கள். என் காதையே நம்ப முடியவில்லை. கல்யாணமாகி ஒரு நாள்கூட என்னை எங்கும் கூட்டிப் போகாத மனுஷன்! ரம்ஜானுக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டி, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு விடியும் முன்பே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தெருமுனையில் கோவிந்தசாமி, "இன்னா பாய், சம்சாரத்தோட?" என்று கேட்டார். "எலும்பும் தோலுமா கீது அண்ணாத்த. வேற சவாரி ஏத்தினா மைனாவுக்கு கனம். ஆளும் ஏத்தின மாதிரி ஆச்சு, வண்டியும் லேசு" என்றீர்கள். நான் உள்ளே இருக்கிறேன் என்ற நினைப்புகூட உங்களுக்கு இல்லை. பச்சைப் புடவையைக் கிழித்துப் போடலாமா என்றிருந்தது.

திருக்கழுக்குன்றம் தாண்டியதிலிருந்து எனக்கு மலையும் தெரியவில்லை, வயலும் தெரியவில்லை. அவள் குளம்புச் சத்தம் மட்டும்தான் காதில் விழுந்தது. மூன்று கால் அழுத்தமாக விழுந்தது. இடது முன்னங்கால் பட்டும் படாமல் விழுந்தது. "கேக்குதா?" என்றேன். "இன்னா கேக்குது? உன் பொலம்பல்தான் கேக்குது" என்றீர்கள்.

கடற்கரையில் சவுக்கு மிளாறு இடுப்புயரத்துக்கு நின்றது. கருங்குழிக் குதிரை நுரை தள்ளிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தது. ஊர் ஊராக வண்டிக்காரர்கள், பொரி கடலை விற்கிறவர்கள், பாறையில் ஏறி உட்கார்ந்த சனம். நீங்கள் வந்து, "எறங்குமே, அவுக்கணும்" என்றீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன். தாண்டட்டும், விழட்டும், ஒழியட்டும் என்று ஒரு மனசு சொன்னது. காலை உடைத்துக்கொண்டால் நம் அடுப்பும் அணையும் என்பதுகூட அந்த மனசுக்கு உறைக்கவில்லை. அப்புறம்தான் வேறொன்று தோன்றியது. அந்த மணலில், அத்தனை பேர் பார்க்க, அவள் விழுந்து செத்தால் நீங்கள் ஆயுசுக்கும் அவளை மறப்பீர்களா? ஒவ்வொரு பொங்கலுக்கும் அழுவீர்கள். உயிரோடு இருக்கிற குதிரையோடு சண்டை போடலாம். செத்துப் போனவளோடு நான் எப்படிப் போட்டி போடுவேன்?

"எறங்க மாட்டேன்" என்றேன்.

"இன்னா?"

"எறங்க மாட்டேன். கால் சரியில்ல. நான் எறங்கல."

சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். உங்கள் முகம் செம்பு மாதிரி சிவந்தது. கெஞ்சினீர்கள், பல்லைக் கடித்தீர்கள், "மானத்த வாங்காத, தலாக்கு சொல்லிருவேன்" என்றுகூட மிரட்டினீர்கள். நான் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கருங்குழிக்காரர்கள் அவசரப்படுத்த, பந்தயத்துக்கு நடுவராக நின்ற கோவிந்தசாமி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சவாரி எறங்கலியே பாய். கட்டுப்பாடு கட்டுப்பாடுதான்" என்றார். கருங்குழிக் குதிரை எல்லா மிளாறையும் மோதித் தள்ளிக்கொண்டே ஓடி ஜெயித்தது.

கூட்டம் கலைந்த பிறகுதான் நான் இறங்கினேன். வண்டியை அங்கேயே ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மைனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே கிளம்பிவிட்டீர்கள். என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டது கோவிந்தசாமி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் கழுத்தில் கை போட்டுக்கொண்டு, ஏதோ பேசியபடியே நடந்துகொண்டிருந்தீர்கள். அவள் காலைக் காப்பாற்றியவள் நான். உங்கள் கையோ அவள் கழுத்தில்! பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தீர்கள். உங்கள் தோளில் துண்டு இல்லை. அது ஈரமாக, அவளுடைய இடது முன்னங்காலைச் சுற்றிக் கட்டியிருந்தது. நான் அந்தத் துண்டைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

"கொள்ளு வெந்துச்சா?"

"வெந்துச்சு."

அதோடு சரி. கோவிந்தசாமி கேட்டபோது, "வர வழில கல்லு குத்திச்சு அண்ணாத்த" என்றீர்கள். ஜட்கா ஸ்டாண்டு முழுக்க என் பேர், புருஷன் பந்தயத்தைப் பொறாமையில் கெடுத்தவள் என்று ஆனது. நீங்கள் மறுக்கவில்லை. ஆனால் மைனாவை அப்புறம் எந்த மிளாறுக்கும் எதிரே நிறுத்தவும் இல்லை. அவள் வண்டி இழுத்து, வயசாகி, ஒரு மழைக்காலத்தில் நம் கொல்லையிலேயே படுத்து, எழுந்திருக்காமல் போனாள். நீங்கள் சாப்பிடாமல் கிடந்தீர்கள். நான் பயந்தது நடந்துவிட்டது: செத்துப் போனவளோடு வாழ ஆரம்பித்தேன்.

உங்கள் கடைசிக் காய்ச்சலின்போது, ஒரு மத்தியானம், எல்லாரும் தொழப் போயிருந்தார்கள். கண் மூடியபடியே உள்ளங்கையை விரித்து நீட்டினீர்கள். "மைனா, வா தாயி" என்றீர்கள்.

அப்போதும் அவள்தான்! எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். போகவில்லை. குனிந்து என் முகத்தை அந்தக் கையில் வைத்தேன். இன்னொரு கை மெதுவாக வந்து, என் நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் நீளமாகத் தடவியது. அத்தனை வருஷம் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்த தடவல்.

"அவ சொன்னது நெசந்தான் கண்ணு" என்றீர்கள். "அன்னிக்கு உன் காலு நெருப்பா கொதிச்சிச்சு. நூர்ஜஹான் மட்டும் எறங்கியிருந்தா நீ போயிருப்ப." கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கி, "அவகிட்ட சொல்லிடாத" என்றீர்கள்.

என் பேரை நீங்கள் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதையும் அவளிடம்தான் சொன்னீர்கள்.

சொல்ல மாட்டேன் என்று, அவள் ஆட்டுவது போலவே தலையை ஆட்டினேன்.

மருமகள் கிண்ணத்தில் கொள்ளு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இன்னும் எரிகிறது மச்சான். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து, குனிந்து, உதட்டால் எடுத்துத் தின்கிறேன்.