ஆஸ்பத்திரி வாங்கிலிருந்து எழுந்து வந்தவருக்கு

அண்ணே,

இன்று காலை கடைக்கு வந்த கிழவர் ஒருவரின் கையில் புதுக் கட்டு. அரசாங்க ஆஸ்பத்திரி மருந்து வாசனை, நான் வடித்துக்கொண்டிருந்த தேநீரையும் மீறி மூக்கில் ஏறியது. "சல்லிக்காசு கேக்கல நானா. நீள மர வாங்குல ஒக்கார வச்சாங்க, கட்டி விட்டாங்க" என்று சிரிக்கிறார். முஸ்லிம் கடைக்காரன் நான் எல்லாருக்கும் 'நானா', அண்ணன்தானே.  கிளாஸில் ஊற்றவேண்டியதைப் பலகையில் ஊற்றிவிட்டேன். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அந்த அதிர்ச்சி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

தலவாக்கலைக் கடைவீதியில் என் தேநீர்க் கடைக்குக் 'கந்தோர்' என்று அரசாங்க அலுவலகப் பட்டம் வைத்தவரே நீங்கள்தான். அரசாங்கம் எதை அறிவித்தாலும் தோட்டத்து ஆட்கள் என்னிடம் வந்துதான் விளக்கம் கேட்பார்கள். பத்திரிகை வாசிக்கத் தெரிந்த குற்றம்தான்! "நானா கந்தோர்லதான் கேள்விக்கு வடையும் குடுப்பாங்க" என்று நீங்கள் எல்லாரையும் வேறு அழைத்து வருவீர்கள்.

வயதாகிவிட்டதென்று தேயிலை ஃபெக்டரியில் உங்களை நிறுத்திய அன்று, வழக்கமான கேலி இல்லாமல் வந்து உட்கார்ந்தீர்கள். "பேரு வெட்டியாச்சு நானா. இனிமே தோட்டத்து டிஸ்பென்சரியில மருந்து தருவாங்களா? சம்பளத்துல புடிச்ச சேமலாபக் காசுன்னு என்னமோ சொல்றாங்களே, அது நெசமா?"

மறுநாளே நுவரெலியா பஸ் ஏறி, உரிய கந்தோரில் விசாரித்து வந்தேன். சேர்ந்த காசு உங்களுடையது, எழுதிக் கேட்டால் தருவார்கள். மருந்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, காசு வேண்டாம். எல்லாம் சொன்னேன். நீங்கள் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்.

"அங்க ஊரு கேப்பாங்களா?"

"கேப்பாங்கதான். அதுக்கென்ன அண்ணே, பொண்ணா குடுக்கப் போறாங்க?" என்றேன். நீங்களும் சிரித்துவிட்டுப் போனீர்கள்.

இந்தியாவுக்கு அனுப்ப யார், இலங்கையில் வைத்துக்கொள்ள யார் என்று தோட்டத்து ஆட்களைப் பிரிக்கப்போவதாக லய வீடுகளில் ஒரே பேச்சாக இருந்த நேரம் அது. கையெழுத்துப் போட்டால் கப்பல், கைநாட்டு வைத்தால் கப்பல் என்று ஆளுக்கொரு கதை. நீங்கள் அதையெல்லாம் கேலி செய்கிற ஆள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மழை பிடித்தது. உங்களுக்கு நெஞ்சுச்சளி என்று கேள்விப்பட்டேன். அடுத்து வந்தது சாவுச் செய்தி. பதறியடித்து மலையேறி வந்து, அழுதுகொண்டிருந்த உங்கள் மகளிடமே கோபப்பட்டேன். "ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டிட்டுப் போகல?"

"கூட்டிட்டுத்தான் போனேன் நானா. வாங்குல ஒக்காந்திருந்தாரு. துண்டு எழுதுறவரு 'கம கொஹெத?'ன்னு சிங்களத்துல ஊரக் கேட்டாரு. இந்தா வாரேன்னு எந்திரிச்சுப் போனவரு, நேரா வீட்டுக்கு வந்துட்டாரு. 'முசிறின்னு சொன்னா கப்பல்ல ஏத்திருவாங்க புள்ள. ஒங்கம்மாவ இங்க பொதைச்சிருக்கேன், அவள விட்டுட்டுப் போக மாட்டேன்'னாரு. அதுக்கப்புறம் கொத்தமல்லித் தண்ணிதான் நானா."

 முசிறியா? முசிறி எந்தத் திசையில் இருக்கிறதென்றாவது உங்களுக்குத் தெரியுமா அண்ணே? இந்தியாவில் உங்கள் தாத்தா விட்டுவந்த ஊர் அது. கல்யாணம் பேசினாலும் கருமாதிக்குச் சொல்லி அனுப்பினாலும், ஊர் எதுவென்று கேட்டால் தோட்டத்தில் எல்லாரும் அந்தப் பழைய ஊரைத்தான் சொல்வீர்கள். கேட்டுக் கேட்டு எனக்கே பழகிப்போயிருந்தது. நீங்கள் பிறந்ததோ, அன்று உங்களைக் கிடத்தியிருந்த அதே லயத்தில். அதைச் சொல்லியிருந்தால் போதும். மருந்து கிடைத்திருக்கும், இன்னும் நாலு வருஷம் என்னைக் கேலி செய்துகொண்டு இருந்திருப்பீர்கள். 

இப்போது பேர் வெட்டிய ஆட்கள் யார் வந்து விசாரித்தாலும் வாயால் சொல்லி அனுப்புவதில்லை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கூடவே போகிறேன். வாங்கில் பக்கத்தில் உட்காருகிறேன். ஊரைக் கேட்டதும் அவர்கள் மிரண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டு நானே சொல்லிவிடுகிறேன்:

"இந்த ஊர்தான் ஐயா. இங்கதான் பொறந்தாரு."