காதின் சூட்டை நம்பாதே என்றவளுக்கு

இன்று காலை மருந்துப் பெட்டியைத் துடைத்து அடுக்கும்போது, முரண்டு பிடிக்கும் மாடுகளை அடக்குவதற்குப் போடும் ஊசி மருந்தின் பழைய புட்டி கையில் அகப்பட்டது. காலாவதியாகி வெகுநாள் ஆயிற்று. அதன்மேல் நீ ஒட்டிய பிளாஸ்திரி மட்டும் உரியவில்லை. "காதைத் தொடாதே, ஈறைப் பார்" என்று உன் கோணல் எழுத்து. உன் எழுத்து நீ வைத்தியம் பார்க்கும் மாட்டுக்குத்தான் புரியும் என்று கேலி செய்வேனே, அதே எழுத்து. புட்டியைத் தூக்கிப் போடவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் கூடாது. கையில் வைத்துக்கொண்டு விழித்தபடி நின்றேன். உன்னை நினைத்தால் இப்போதெல்லாம் இப்படித்தான், துக்கத்துக்கு முன்னால் குழப்பம் வந்துவிடுகிறது.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கால்நடை மருத்துவம் படித்த நமக்கு, வேலையும் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தது. பாபநாசத்தை ஒட்டிய ஊரில் நான், இரண்டு ஊர் தள்ளி நீ. அந்த ஐப்பசி மழையில் ஒரு சினைப்பசு முள்கம்பியில் தொடையைக் கிழித்துக்கொண்டது. நான் போய்ச் சேருவதற்குள் ரத்தம் நிறையப் போயிருந்தது. கிட்டே நெருங்கினால் உதைத்தது. காதைத் தொட்டேன், சில்லிட்டிருந்தது. நம் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்குக் காதுதான் தெர்மாமீட்டர். காது குளிர்ந்தால் மாடு போச்சு, சூடு வந்தால் பிழைத்தது. பட்டம் வாங்கியும் அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை. ஊசியைப் போட்டேன், பசு அடங்கியது. தையல் முடித்துக் காதைத் தொட்டால் இதமான சூடு.

"காது சூடாயிடுச்சுங்க, இனி பயமில்ல," என்றேன். மாட்டுக்காரப் பெண் அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார். பெருமை தாங்காமல் அங்கிருந்தே உனக்கு போன் போட்டேன்.

"ரத்தம் போன மாட்டுக்கா அந்த ஊசியப் போட்ட?" என்றாய்.

"காது சூடாத்தான்டி இருக்கு."

"சூடாத்தான் இருக்கும். உள்ள இருக்கற சூடு வெளிய வந்து நிக்குது. ஈறப் பாரு."

பசுவின் உதட்டைத் தூக்கினேன். ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னங்கால் மடங்கிச் சரிந்தது.

மழையில் தொப்பலாக நனைந்து ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாய். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் ஊசி குத்தி சலைன் பாட்டில்களை ஏற்றினாய். சாக்கும் வைக்கோலும் போட்டுப் பசுவை மூடச் சொன்னாய். அந்தப் பெண் பயந்துபோய், "தப்பான ஊசிங்களா டாக்டர்?" என்று கேட்டார்.

"ஊசி நல்ல ஊசிதாங்க," என்றாய் நீ. "அது ரத்தக் குழாயத் தளத்தி விட்டுடும். ஆத்துல தண்ணி கொறவா ஓடுறப்ப எல்லா மடையயும் ஒரே நேரத்துல தொறந்துவிட்டா என்னாவும்? வயலு நனையும், ஆறு படுத்துடும். இப்ப ஆத்துக்குத் தண்ணி ஏத்துறோம், பயப்படாதீங்க."

மதியம் தாண்டியும் நீ எழுந்திருக்கவில்லை. "காதுதான் சூடா இருக்கே, நீங்க கெளம்புங்க டாக்டர்," என்று அவர் சொன்னபோதும், "ஈறு செவக்கட்டுங்க, போறேன்," என்று சேற்றிலேயே உட்கார்ந்திருந்தாய். பொழுது சாய ஈறில் சிவப்பு ஏறியது. பசு எழுந்து நின்றது. தை மாதம் கிடேரிக் கன்று போட்டது. மறுநாள் நீ என் மருந்தகத்துக்கு வந்து, கேட்காமலே பெட்டியைத் திறந்து, அந்த மருந்துப் புட்டியின்மேல் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டுப் போனாய்.

இதுவரை எனக்குக் குழப்பமில்லை. தப்பு என்னுடையது, காப்பாற்றியது நீ. இதற்குப் பிறகுதான் ஒன்றும் விளங்கவில்லை.

சின்ன வயதுக் காய்ச்சலில் கெட்டுப்போன இதய வால்வைப் பற்றி நீ யாரிடமும் பெரிதாகப் பேசியதில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த பிறகுதான் எனக்கே முழுதாகத் தெரிந்தது. அன்று சாயங்காலம் உனக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்தின் பெயரைப் படித்துவிட்டுப் பதறினேன். அதுவும் ரத்தக் குழாயை விரிக்கிற மருந்து. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய்.

"அந்த மாட்ட நெனச்சியா? எனக்கு ஆத்துல தண்ணி கொறையலடி, வெள்ளம். மடையத் தொறந்துதான் ஆவணும்," என்று உதட்டைப் பிரிக்காமல் சிரித்தாய்.

சரியாகத்தான் சொன்னாய். காலையில் சில்லிட்டிருந்த உன் கை அப்போது சூடாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கை சூடாத்தான இருக்கு? கெளம்பு. காலையில ஒனக்குத் தடுப்பூசி முகாம்."

கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது, தூங்கிக்கூடப் போனேன். மறுநாள் முகாமில், கோமாரித் தடுப்பூசிக்கு மாடுகள் வரிசையில் நிற்கும்போது உன் அம்மா போன் பண்ணினார்.

மருந்து அதன் வேலையைச் செய்தது, இதயத்துக்குத்தான் தெம்பில்லை என்று டாக்டர் சொன்னார். நானும் மருத்துவர்தான், அது எனக்குப் புரிகிறது. நீ சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் புரியவில்லை. சூட்டை நம்பாதே என்று எழுதி ஒட்டியவள், சூட்டைக் காட்டி என்னை ஏன் அனுப்பினாய்? உண்மையிலேயே பிழைத்துவிடுவோம் என்று நினைத்தாயா? நான் பார்க்க வேண்டாம் என்று விரட்டினாயா? அல்லது நான் ஞாபகம் வைத்திருக்கிறேனா என்று சோதித்தாயா? எங்கே, ஈறைக் காட்டு என்று நான் கேட்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாய். சிரித்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு சிரித்தாயா? இப்படி யோசிப்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது, நிறுத்தத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் உன் அம்மா சொன்னார்: "நீ அந்தாண்ட போனதும், குளுருதும்மான்னா. ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னா." ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டேன். "அப்படியா சொன்னேன்? இல்லையே கண்ணு, தூங்கிட்டான்னுதான சொன்னேன்," என்கிறார். எதை நம்புவது? உன் மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது. சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

இப்போது வைத்தியம் முடிந்த பிறகும் நான் கொட்டகையை விட்டு நகர்வதில்லை. "இந்த டாக்டரம்மாவுக்கு வீடு வாச இல்லியா?" என்று மாட்டுக்காரர்கள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. மாடு புல் தின்ன ஆரம்பித்த பிறகும், அசைபோட ஆரம்பித்த பிறகும், "கெளம்புங்கம்மா" என்று அவர்கள் இரண்டு தரம் சொன்ன பிறகும் உட்கார்ந்திருக்கிறேன். நீ ஒரு தரம் சொன்னதற்கு எழுந்துபோனவள் நான்.