போத்தலும் பரிசோதகரும்

07.07.2025, திங்கள்
காலையில் நாற்பத்தெட்டுப் பேர். பாதிப்பேருக்கு நோய் வருத்தமே இல்லை, ஓமந்தைப் பக்கம் மழை எப்போது வரும் என்று கதைக்க வந்தவர்கள்.

பதினொரு மணிக்குக் கொழும்பிலிருந்து கடிதம். "வைத்தியர் நிரோஜா அவர்களுக்கு: உங்கள் வைத்தியசாலையில் மோர்பின் பாவனை மும்மடங்காகியுள்ளது. காரணம் காட்டவும். பரிசோதகர் வருவார். பாவித்த போத்தல்களை நோயாளிகளிடமிருந்து திருப்பிப் பெறவும்."

மும்மடங்கு! முன்பு வாரம் ஒரு போத்தல் பாணி மருந்து, இப்போது மூன்று. எல்லாம் ஒரே ஆளுக்கு: தேன் வியாபாரி ஜவாஹிர் நானா, ஊருக்கே அண்ணன். புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது. கொழும்பிலிருந்து பார்த்தால் நான் கடத்தல்காரி.

என் வைத்தியர் பதிவை எடுத்துவிடுவார்களோ? ஆறு வருடப் படிப்பு - கடவுளே.

பின்னேரம் நானா வந்தார். பத்து மில்லி கொடுக்க வேண்டிய மனிதருக்கு ஐந்து எழுதினேன். வாய் ஓயாதவர், மருந்துத் துண்டைப் பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

09.07.2025
இந்த மருந்துகளுக்கான சட்டத்தில் "அபாயகரமான" என்ற சொல் பதினேழு இடத்தில் வருகிறது. எண்ணினேன்.

14.07.2025, திங்கள்
நானாவுக்கு எழும்ப முடியவில்லையாம். மனைவி ஸாலிஹா மட்டும் வந்தா. கடிதத்தில் சொன்னபடி நான் கேட்டிருந்த மூன்று போத்தலும் திரும்பி வந்தன. மூன்றும் கழுத்துவரை காட்டுத்தேன்.

"வெறும் போத்தலோ கேட்டனீங்கள்? குடுத்தவைக்கு வெறும் ஏனத்தைத் திருப்பிக் குடுக்கிற பழக்கம் எங்கட வீட்டில இல்லை, டொக்டர்."

அவர் எப்படி என்று கேட்டேன்.

"படுக்கேலாது. இருந்தபடியே விடிய விடிய முழிப்பு."

நாளைக்குப் பரிசோதகர். அவர் போனபிறகு கூட்டலாம் என்று மறுபடியும் ஐந்தே எழுதினேன். எவ்வளவு கேவலமான பெண் நான்! ஸாலிஹா "நல்லா இருப்பீங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனா. அதைத்தான் தாங்க முடியவில்லை.

15.07.2025
நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பரிசோதகர் யோகலிங்கம் ஒன்பது மணிக்கே வந்தார். சிரித்தால் சம்பளத்தில் வெட்டுவார்கள் போல ஒரு முகம். மருந்துக் களஞ்சியம் எங்கே என்று கேட்டு, கதவு மாறிக் குசினிக்குள் போய்விட்டார். அங்கே எங்கள் தாதி பிரேமிளா, மோர்பின் என்று பெரிதாக ஒட்டிய போத்தலில் பாண் துண்டுகளைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ சேர், நீங்களும் சாப்பிடுங்கோவன்" என்றாள், வாய் நிறையப் பாணுடன்.

அவர் போத்தலை முகர்ந்தார். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு இன்னொரு விரல்.

"எந்தப் பக்கத்துத் தேன்?"

"கனகராயன்குளம்" என்றேன்.

லேபலை உடனே கிழிக்கச் சொல்லிவிட்டுப் பதிவேட்டை விரித்தார். ஒரு மணித்தியாலம் வரிவரியாக விரல் வைத்து வாசித்தார்.

"மருந்தைக் கூட்டினதுக்கு ஒரு பக்கம் காரணம் எழுதியிருக்கிறியள். நல்ல காரணம். ஏழாம் திகதி குறைச்சதுக்கு ஒண்டும் இல்லையே. நோவு குறைஞ்சதோ?"

"இல்லை சேர். உங்கட கடிதம் வந்தது."

கண்ணாடியைக் கழற்றினார். "கடிதத்தில காரணம் கேட்டனாங்கள், பிள்ளை. குறைக்கச் சொன்னனாங்களோ? குறைச்சதுக்கு எழுத்தில விளக்கம் வேணும். இதுதான் பிழை."

அவருடைய வாகனம் படலை தாண்ட முதலே பிரேமிளாவைப் பத்து மில்லிக் கணக்கு மருந்துடன் நானா வீட்டுக்கு அனுப்பினேன்.

16.07.2025
விளக்கம் நாலு தரம் எழுதிக் கிழித்தேன். நிர்வாகச் சூழல், வழிகாட்டல் தெளிவின்மை - எல்லாம் பொய். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "நோவு நோயாளிக்கு. பயம் எனக்கு. மருந்தை என் பயத்துக்கு அளந்தேன்."

28.07.2025, திங்கள்
பதில் வந்தது. எச்சரிக்கை, ஒரு வரி. பதிவு இருக்கிறது.

ஜவாஹிர் நானா முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். மெலிந்துதான் போனார். ஆனால் வாய் திரும்பிவிட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேருடனும் கதைத்து முடித்துத்தான் உள்ளே வந்தார்.

அந்த ஒரு வாரத்துக்காக மன்னிப்புக் கேட்டேன்.

"குறைச்சது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார்.

"பிறகேன் நானா கேக்கேல்லை?"

"உங்கட முகத்தைப் பாத்தன். உங்களுக்கும் எங்கயோ நோகுது எண்டு நினைச்சன்."

குனிந்து துண்டை எழுதினேன். பத்து மில்லி, நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம்.