உன்னிடமிருந்து போனது

அஸ்தினாபுரம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மருமகள் சுஜிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். மார்த்தாண்டத்தில் உன் அம்மா அப்பாவும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடாமல் படி.

ஜோஸ்வினின் தொட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். துணிகளைச் சர்ச்சில் கொடுத்தாயிற்று. திரும்பக் கேட்காதே. எட்டு மாதப் பிள்ளையின் சட்டையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்தால் போனவன் வரப்போவதில்லை.

பிள்ளைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சின்மயியை மறுபடி போய்ப் பார்த்தேன். காலேஜ் நாளில் உனக்கும் டெங்கு வந்ததைச் சொன்னேன். அப்போது உன் உடம்பில் உண்டான எதிர்ப்புப் பொருள், வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்குப் போயிருக்கிறது. முதல் சில மாதம் அது காக்குமாம். பிறகு குறைந்துவிடும். அந்த நேரத்தில் வேறு வகை டெங்கு வந்தால், கிருமியைக் கொல்ல அதற்குப் பலம் இராது. பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கும். கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே அதைக் கொண்டு சேர்த்துவிடும். கிருமி அங்கேயே பெருகும். அந்த அணுக்கள் அபாயம், அபாயம் என்று உடம்பெங்கும் சேதி அனுப்ப, இரத்தக் குழாயெல்லாம் கசியத் தொடங்கிவிடுமாம்.

இதில் யாருடைய தப்பும் இல்லை என்றும் டாக்டர் சொன்னார். சொல்லத்தான் செய்வார். காலமெல்லாம் டீச்சராக இருந்த எனக்கு, பாடத்தில் எது முக்கியம் என்று தெரியாதா? போனது உன்னிடமிருந்து. என் பேரனைக் காட்டிக்கொடுத்தது உன் இரத்தம்.

வெள்ளிக்கிழமை ஜாய்சன் ஷார்ஜாவிலிருந்து வருகிறான். முதலில் உன்னைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வருவானாம். எப்படி நடந்தது என்று கேட்பான். டாக்டர் சொன்னதை அப்படியே சொல். அதற்கு மேல் பேசாதே. கொசு மருந்து ஊற்ற வந்த முனியம்மா, பின்பக்க டிரம்மு பூரா புழுவா கீதும்மா, கொஞ்சம் ஊத்திக்கினு போயிடறேன் என்று கெஞ்சியதையும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ அவளை உள்ளே விடச் சொன்னதையும், புழங்குகிற தண்ணீரில் விஷமா என்று சொல்லி நான் வாசல் கேட்டைச் சாத்தியதையும் அவன் கேட்டு என்ன ஆகப்போகிறது?

நீ அவன் மனைவி. உன் இரத்தம்தான் என்றால் அழுவான், பிறகு மன்னித்துவிடுவான். இன்னொன்று பெற்றுக்கொள்வீர்கள். உன் மாமா போன பிறகு எனக்கு அவன் ஒருவன்தான். அவன் இந்த வாசற்படி ஏற வேண்டும், சுஜி.

கர்த்தர் உன் வாய்க்குக் காவல் வைப்பாராக.

இப்படிக்கு,
உன் அத்தை
ஜெயசீலி